கடல் கடந்து வந்த வெள்ளி

வெள்ளி என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல உண்டு. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் வானில் ஒளிரும் கோளுக்கு வெள்ளி என்று பெயர். அக்கோளின் பெயரால் வாரத்தில் ஒரு நாளும் வெள்ளி ஆயிற்று. வெண்மை நிறம் பொருந்திய உலோகமும் வெள்ளியே. இம்மூன்று பொருளும் தமிழ்நாட்டில் யாவரும் அறிந்தவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழரைக் கேட்டால் நான்காவது பொருள் ஒன்றையும் சொல்வார்கள். அங்கே பத்து வெள்ளி என்றால், நாணயக் கணக்கில் பத்து என்று பொருள். ஆங்கிலத்தில் டாலர் என்பதை அவர்கள் வெள்ளி என்றே வழங்கி வருகிறார்கள்.

இந்த நான்காவது பொருள் எப்படி வந்தது? இதனை ஆராயப் புகுந்தால், நம் நாஞ்சில் நாட்டுக் கடற்கரையிலிருந்து அமெரிக்கக் கண்டத்து மலைச் சுரங்கங்கள் வரையில் ஒரு நெடுவழி புலப்படுகிறது. அந்த வழியே வெள்ளி வந்தது. அந்த வழியே ஏழை மக்களின் செல்வம் ஏறியது, இறங்கியது. அதைப் பற்றியே நேயர்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நம் தென்னாட்டு மலைகளில் பெயர் சொல்லத்தக்க வெள்ளிச் சுரங்கம் ஒன்றும் இல்லை. ஆயினும் வெள்ளி இல்லாத வீடு இங்கே அரிது. பிறந்த குழந்தையின் இடையில் அரைஞாண், தவழும் பருவத்தில் காலில் தண்டை, பெண்ணுக்குக் கொலுசு, மணமான பின் கால்விரலில் மெட்டி, வெற்றிலை போடும் பெரியவரின் மடியில் சுண்ணாம்புக் கரண்டகம். பொன் வாங்க இயலாத குடும்பத்துக்கு இவையே நகை, இவையே சேமிப்பு. மழை பொய்த்த ஆண்டில் முதலில் விலைப்படுவதும் இவைதாம். வங்கியும் காப்பீடும் எட்டிப் பாராத சிற்றூர்களில், ஒரு குடும்பத்தின் துணிவு அதன் வெள்ளியின் எடையில் இருந்தது. விளையாத மண்ணுக்கு இத்தனை வெள்ளி வந்தது எவ்வாறு என்று கேட்பது நியாயமான கேள்வி அன்றோ?

இதற்கு ஒரு சொல்லில் விடை கூறலாம். மிளகு. பண்டைக் காலத்தில் உரோமர்கள் மிளகை நாடி வந்தார்கள். கொங்கு நாட்டில் மண்ணைத் தோண்டும்போது கிடைத்துள்ள உரோம வெள்ளிக் காசுகள் அதற்குச் சான்று. மிளகு போயிற்று, வெள்ளி வந்தது. ஆனால் அந்நாளில் வந்தது சிற்றோடை. பெருவெள்ளம் வந்தது பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

1545-ஆம் ஆண்டில், இன்றைய பொலிவியா நாட்டில் உள்ள பொத்தோசி என்னும் மலையில் பெரும் வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மெக்சிகோவில் சகடேகாஸ் என்னும் இடத்திலும் வெள்ளி கிடைத்தது. ஸ்பானியர் இவ்விரண்டு நாடுகளையும் வென்று ஆண்ட காலம் அது. பொத்தோசிச் சுரங்கத்தில் வேலை செய்ய அந்நாட்டுப் பழங்குடி மக்களை ஊர் ஊராக முறை வைத்து இழுத்துச் சென்றார்கள். மித்தா என்பது அக்கட்டாய வேலையின் பெயர். மலையின் குடலில் புகுந்து, தோளில் சுமை ஏற்றி, ஏணி ஏணியாக ஏறி வந்த அம்மக்களில் பலர் வீடு திரும்பவில்லை. அவர்கள் தோண்டிய வெள்ளியே எட்டு ரேயால் மதிப்புள்ள ஸ்பானிய நாணயமாக உருவெடுத்து உலகைச் சுற்றியது. ஒரு நாணயத்தின் எடை ஏறத்தாழ 27 கிராம். ஒரு வழியில் அது ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்கு வந்தது. மற்றொரு வழியில் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து பசிபிக் கடலைக் கடந்து மணிலாவுக்குச் சென்றது. இந்த மணிலாக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரையில், இருநூற்றைம்பது ஆண்டுகள் ஓடின.

ஐரோப்பிய வணிகர்க்கு நம்மிடம் வாங்க வேண்டியவை மிக இருந்தன. மிளகு வேண்டும், ஏலம் வேண்டும், பருத்தித் துணி வேண்டும். ஆனால் அவர்கள் கொண்டுவந்து விற்கக்கூடிய சரக்கை இங்கே விரும்பி வாங்குவார் அதிகம் இல்லை. ஆகவே வெள்ளியைக் கொட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவருக்கும் இதே நிலைதான். இவ்வாறு வந்த வெளிநாட்டு நாணயம் உருக்கப்பட்டு உள்நாட்டு நாணயமாவது இந்தியா எங்கும் இருந்த வழக்கம்.

இனி நம் ஊருக்கு வருவோம். கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே கடலோரமாகச் சென்றால், ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் வட்டக்கோட்டை நிற்கிறது. சுமார் மூன்றரை ஏக்கர் பரப்பு. 25 அடி உயரத்துக் கருங்கல் மதில். உள்ளே ஒரு குளம். கல்லில் காணும் மீன் உருவங்களைக் கொண்டு பாண்டியரோடு இவ்விடத்துக்கு இருந்த தொடர்பைக் கூறுவர். நான் அதன் மேல்தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் கடல் மதிலின் அடியில் வந்து மோதுகிறது. மறுபக்கம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை தன் கடைசிச் சிகரங்களைக் காட்டி நிற்கிறது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய வாயிலே பழைய திருவிதாங்கூரின் தென்கிழக்கு வாயில். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து கடல்வரை நீண்டிருந்த காவல் வரிசையின் கடல் முனையில் இக்கோட்டை அமைந்திருந்தது.

கோட்டையை இன்று காணும் வடிவில் கட்டுவித்தவர் ஒரு வெளிநாட்டார் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். 1741-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்டவர்மரின் படை ஒல்லாந்தரை முறியடித்தது. அப்போரில் சிறைப்பட்டவர் எஸ்தாக்கியஸ் டிலனாய். சிறைப்பட்டவரை மன்னர் தம் படைத்தலைவர் ஆக்கினார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். அவர் 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். ஒல்லாந்தர் குளச்சலுக்கு வந்த காரணம் மிளகு. மிளகு விலையைத் தாமே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். மன்னரோ மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினார். 1753-இல் மாவேலிக்கரையில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி ஒல்லாந்தர் அவருக்குப் போர்க்கருவிகளைக் கொடுத்து மிளகு பெற்றார்கள். தம் நாட்டு மிளகுக்கு என்ன விலை என்பதைத் தாமே சொல்லும் வலிமை அன்று இந்நாட்டு அரசுக்கு இருந்தது. வட்டக்கோட்டையின் மதில் அந்த வலிமைக்குக் கல்லில் எழுதிய சான்று என்று நான் கருதுகிறேன்.

அந்நாளில் திருவிதாங்கூர் மக்களின் கையில் புழங்கிய வெள்ளி நாணயத்துக்குச் சக்கரம் என்று பெயர். பெயர் பெரிது; காசு மிகச் சிறிது. அரைக் கிராமுக்கும் குறைந்த எடை. ஒரு மிளகு மணியைச் சற்றே தட்டினால் எவ்வளவு பெரிதாகுமோ அவ்வளவு பெரியது எனலாம். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆங்கிலேயரின் ரூபாய்க்கோ 28½ சக்கரம். இவ்வளவு சிறிய காசை எண்ணுவது எப்படி? விரலால் எடுத்து எண்ணினால் பொழுது போதாது. ஆகவே சக்கரப் பலகை என்ற ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். மரப்பலகையில் ஒரு சக்கரம் மட்டும் அமரும் அளவுக்குச் சிறுகுழிகள் வரிசை வரிசையாகக் குடையப்பட்டிருக்கும். ஒரு கை காசை அதன்மேல் பரப்பி மெல்ல அசைத்தால், குழிக்கு ஒன்றாக அமர்ந்துகொள்ளும். மிஞ்சியதை வழித்து எடுத்துவிட்டால் நூறோ இருநூறோ கணக்குச் சரி. கச்சேரியிலும் கோயிலிலும் கடையிலும் இப்பலகை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஏமாறாமல் எண்ணிக்கொள்ள உதவிய கருவி இது.

வெள்ளியை எண்ணலாம், ஆனால் எல்லாரும் அணியலாமா? அந்நாளில் இந்நாட்டில் அது சாதியைப் பொறுத்த கேள்வி. தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் பொன்னும் வெள்ளியும் அணிய வேண்டுமானால் அடியறைப் பணம் கட்டி அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி இருந்தது. தம் உழைப்பில் வாங்கிய கொலுசைத் தம் மகளுக்கு இடவும் தனி வரி. ராணி கௌரி பார்வதி பாயி 1815 முதல் 1829 வரை ஆண்டார். அவர் காலத்தில் இந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆயினும் சட்டத்தில் நீங்கியது ஊரில் நீங்கப் பல ஆண்டுகள் ஆயின. 1915-ஆம் ஆண்டிலும் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், புலையர் பெண்கள் தம் கழுத்தில் கட்டாயமாக அணிந்துவந்த கல்மாலைகளை அய்யன்காளியின் முன்னிலையில் அறுத்து எறிந்தார்கள் என்பது வரலாறு. வெள்ளி நகை என்பது அணிகலன் மட்டும் அன்று. மானத்தின் அடையாளமாகவும் அது இருந்தது. இதை மறந்துவிட்டால், அதன் விலை சரிந்தபோது ஏழை வீடுகளில் எழுந்த துயரம் நமக்கு விளங்காது.

மிளகுக்கு விலை சொன்ன அரசின் வலிமை நெடுநாள் நிற்கவில்லை. 1795-இலும் 1805-இலும் ஆங்கிலக் கம்பெனியோடு உடன்படிக்கைகள் ஏற்பட்டன. இரண்டாவது உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டும். பிற்கால விகிதப்படி கணக்கிட்டால் இது இரண்டேகால் கோடிக்கு மேற்பட்ட சக்கரம். மிளகு மணி அளவுக் காசில் இரண்டேகால் கோடியை எத்தனை பலகையில் எண்ணுவது! கப்பப் பாக்கியை உடனே கட்டுமாறு ரெசிடெண்டு மெக்காலே நெருக்கினார். தலக்குளத்தில் பிறந்த தளவாய் வேலுத்தம்பி கலகக்கொடி உயர்த்தியதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் இந்தக் கப்பப் பாக்கி முக்கியமானது. 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் காவல் வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. மண்ணடியில் வேலுத்தம்பியின் வாழ்வு முடிந்தது. வட்டக்கோட்டையின் பீரங்கிகளுக்கு அதன்பின் வேலை இல்லை. இனி வெள்ளியின் மதிப்பு வேறோர் இடத்தில் முடிவு செய்யப்படும்.

1835-இல் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை வகுத்தது. எடை 180 கிரெயின் என்று அவர்கள் அளந்தார்கள். நம் கணக்கில் ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. நாணயச்சாலையின் கதவு பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. எவரும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து, சிறு கூலி நீங்கலாக, அதே எடைக்கு ரூபாய் பெறலாம். ஆகவே பெண்ணின் காலில் கிடந்த கொலுசும் பெட்டியில் கிடந்த ரூபாயும் ஏறத்தாழ ஒன்றே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், பம்பாய் நாணயச்சாலைக்கு நகைகளாகவே வெள்ளி பெருமளவில் வந்து சேர்ந்தது. அந்த வெள்ளி எத்தனையோ உயிர்களைக் காத்தது.

ஆனால் அதற்கு முன்பே, மீண்டும் அமெரிக்காவில், ஏழையின் வெள்ளியைப் பாதிக்கும் செயல் ஒன்று தொடங்கிவிட்டது. 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுக்க அரசு அறிக்கை உரிமை தந்தது. அதே 1859-இல் அமெரிக்காவின் நெவாடாப் பகுதியில் காம்ஸ்டாக் என்னும் வெள்ளிப் படிவம் வெளிப்பட்டது. சுரங்க நகரங்கள் ஓரிரவில் முளைத்தன. நெவாடாவுக்கு இன்றும் வெள்ளி மாநிலம் என்பதே பட்டப்பெயர். வெள்ளி மிகுந்தது. அதே காலத்தில் ஜெர்மனி வெள்ளியை விட்டுப் பொன்னுக்கு மாறியது. 1873-இல் அமெரிக்காவும் வெள்ளி டாலரைத் தன் சட்டத்திலிருந்து ஒதுக்கியது. வரவு மிகுந்தது, வாங்குவார் குறைந்தார், விலை இறங்கியது.

விலை இறங்கவே, ரூபாயின் மதிப்பும் இறங்கியது. 1870-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், இருபது ஆண்டுகளில் ஒன்றேகால் ஷில்லிங் அளவுக்கு வந்தது. இலண்டனுக்கு ஆண்டுதோறும் பொன் கணக்கில் பணம் அனுப்ப வேண்டிய இந்திய அரசு திகைத்தது. 1893-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் நாணயச்சாலையின் கதவு மூடப்பட்டது. இனிப் பொதுமக்கள் வெள்ளி கொடுத்து ரூபாய் பெற முடியாது. ரூபாயின் மதிப்பைக் காக்க இது வழி. ஆனால் கொலுசின் மதிப்பைக் காப்பவர் யார்? அன்றோடு ரூபாய் வேறு, வெள்ளி வேறு ஆயிற்று. பத்து ஆண்டுகளுக்குள், ஒரு ரூபாயில் அடங்கிய வெள்ளியின் விலை அந்த ரூபாயின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போயிற்று. 1896-இலும் 1899-இலும் வடக்கேயும் மேற்கேயும் பஞ்சம் வந்தபோது, நகையை விற்கச் சென்ற குடியானவன், தன் தந்தை முந்திய பஞ்சத்தில் பெற்றதைவிட மிகக் குறைவாகப் பெற்றான். நகையின் எடை குறையவில்லை. ஒருவரும் அவன் வீட்டில் திருடவில்லை. ஆயினும் அவன் செல்வத்தில் ஒரு பெரும்பகுதி காணாமற் போயிற்று.

இதே வெள்ளிக்காக அமெரிக்கக் குடியானவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் கடன்பட்டவர்கள். வெள்ளி நாணயம் பெருகினால் விளைபொருள் விலை உயரும், கடன் சுமை குறையும் என்று நம்பினார்கள். 1890-இல் அவர்கள் அரசு மாதந்தோறும் 45 லட்சம் அவுன்சு வெள்ளி வாங்கச் சட்டம் செய்தது. இந்திய நாணயச்சாலை மூடப்பட்டதும் அங்கே வெள்ளி விலை சரிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அச்சட்டத்தின் கொள்முதலும் நிறுத்தப்பட்டது. பம்பாயில் மூடிய கதவின் ஓசை நெவாடாச் சுரங்கத்தில் கேட்டது எனலாம். 1896-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சிக்காகோ நகரில், வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் என்னும் 36 வயது இளைஞர் வெள்ளிக்காக ஒரு பேருரை நிகழ்த்தினார். பொற்சிலுவைப் பேச்சு என்று அது புகழ்பெற்றது. அந்த ஒரு பேச்சினால் அவர் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளர் ஆனார், தேர்தலில் தோற்றார். அதே பிரையன் 1906-இல் இந்தியாவுக்கு வந்து சென்று, பிரிட்டிஷ் ஆட்சியைக் கண்டித்து எழுதினார் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

வெள்ளிக் கிளர்ச்சி அமெரிக்கக் குழந்தைக் கதைக்குள்ளும் புகுந்ததாகக் கூறுவார் உண்டு. 1900-ஆம் ஆண்டில் ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் மந்திரவாதிக் கதையில், ஊர் திரும்ப வழி தெரியாத சிறுமிக்கு ஒரு சோடி வெள்ளிக் காலணி கிடைக்கிறது. மஞ்சள் நிறச் செங்கல் பாதையில் அதை அணிந்து நடக்கிறாள். மஞ்சள் பாதை பொன் நாணயம், காலணி வெள்ளி நாணயம் என்று 1964-இல் ஓர் ஆசிரியர் விளக்கம் எழுதினார். இதனை ஏற்காத அறிஞரும் பலர். 1939-இல் அக்கதை வண்ணப் படமாக வந்தபோது, திரையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வெள்ளிக் காலணியைச் சிவப்பாக்கிவிட்டார்கள். விளக்கம் எப்படியாயினும் ஒன்று உண்மை. அமெரிக்கக் குடியானவனுக்கு வாக்கு இருந்தது; மேடை இருந்தது; தன் குறையைக் கதையாக்கவும் ஆள் இருந்தது. நாஞ்சில் நாட்டிலோ திருநெல்வேலியிலோ வெள்ளி அணிந்த பெண்ணை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன நான்காவது பொருளுக்கு விடை காணலாம். கீழ்த்திசைத் துறைமுகங்களில் ஸ்பானிய நாணயமும், அதன் வாரிசான மெக்சிகோ நாணயமுமே நெடுங்காலம் செலாவணி. அதன் விளிம்பு பல் பல்லாக வெட்டப்பட்டிருந்தமையால் மலாய் மக்கள் அதனை ரிங்கிட் என்றார்கள். பல்விளிம்பு உடையது என்பதே அச்சொல்லின் பொருள். அமெரிக்க ஐக்கிய நாடும் 1792-இல் தன் டாலரை இதே ஸ்பானிய நாணயத்தை அளவாகக் கொண்டே வகுத்தது. 1895 முதல், ரூபாய்க்குக் கதவடைத்த அதே பம்பாய் நாணயச்சாலையில், கீழ்த்திசை வாணிகத்துக்கென்று வெள்ளி டாலர் அச்சடிக்கப்பட்டது. தோட்ட வேலைக்காகக் கப்பலேறிய தமிழர் மாதச் சம்பளமாகக் கையில் வாங்கியது கனமான வெள்ளைக் காசு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் வெள்ளி. காசில் இன்று வெள்ளி இல்லை, தாளே இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. பொத்தோசி மலையின் கதை முழுவதும் அந்தப் பெயரில் அடங்கிக் கிடக்கிறது.

முதல் உலகப் போரின்போது மற்றொரு விந்தை நிகழ்ந்தது. போர்ச் செலவுக்காக இந்திய அரசு தாள் நோட்டைப் பெருக்கியது. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டும் வந்தது. மக்கள் தாளை நம்பவில்லை. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டார்கள். அரசின் வெள்ளி இருப்பு வற்றியது. பிரிட்டன் அமெரிக்காவை நாடியது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பிட்மன் சட்டம் நிறைவேறியது. அமெரிக்கக் கருவூலத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடி உருக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 26 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவுக்கு வந்தது. ஒரு டாலரில் இருந்த வெள்ளியிலிருந்து இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். ஒரு பக்கம் சுதந்திர தேவியின் முகம் பொறித்த டாலர், கொதிகலத்தில் இறங்கி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகத்தோடு எழுந்து வந்தது. பின்னர் கோட்டாற்றுக் கடைத்தெருவில் ஒரு தட்டாரின் உலையில் மறுபடியும் உருகி, யாரோ ஒரு மணப்பெண்ணின் மெட்டி ஆகியிருக்கலாம். வெள்ளிக்கு ஊரும் இல்லை, உருவமும் இல்லை.

இரண்டாம் போரிலும் இது தொடர்ந்தது. 1940-இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். ராணி தலை போட்ட பழைய ரூபாயை மக்கள் பானையில் போட்டு மூடினார்கள். சிலர் காசுமாலை கோத்தார்கள். 1944 முதல் அமெரிக்கா இந்தியாவுக்கு 22 கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளியைக் கடனாகத் தந்தது. போர் முடிந்ததும் 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. சுதந்திர இந்தியா பழைய வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று, உருக்கிச் சுத்தி செய்து, அந்தக் கடனை வெள்ளியாகவே அடைத்தது. நம் சக்கரமும் இந்நாளில் விடைபெற்றது. இறுதி ஆண்டுகளில் செம்பில் அடிக்கப்பட்டுவந்த அது, 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த காலத்தோடு வழக்கொழிந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, சக்கரப் பலகை பரணில் ஏறிவிட்டது.

நாணயத்தை விட்டு நீங்கிய வெள்ளி வேறு இடங்களில் வாழ்ந்தது. திரைப்படத்தை நாம் வெள்ளித்திரை என்கிறோம். ஒளி நன்றாகத் திரும்பி வரும் பொருட்டு அமெரிக்கப் படக்கொட்டகைகளில் திரைமீது வெள்ளி போன்ற உலோகப் பூச்சுப் பூசினார்கள். அதனால் வந்த பெயர் இது. திரையில் பூசியது எதுவாயினும் படச்சுருளில் இருந்தது மெய்யான வெள்ளி. ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்புதான் படத்தைப் பதிவு செய்தது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்து 1936-இல் வெளிவந்த சதிலீலாவதி படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். நாஞ்சில் நாட்டுச் சிரிப்பு அமெரிக்கர் ஒருவரின் கண்வழியே வெள்ளியில் பதிந்து தமிழகம் எங்கும் பரவியது. ஒரு படம் இருபத்தைந்து வாரம் ஓடினால் அதற்கும் வெள்ளி விழா என்றே பெயர்.

அமெரிக்கச் சந்தையின் ஆட்டம் இதற்குப் பிறகும் ஓயவில்லை. ஹண்ட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் உலகத்து வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் விலை அவுன்சுக்கு 50 டாலரை எட்டியது. மார்ச்சு 27-ஆம் நாள், வியாழக்கிழமை, ஒரே நாளில் ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. அந்நாளை அமெரிக்கர் வெள்ளி வியாழன் என்கிறார்கள். நமக்கு இப்பெயர் வேடிக்கையாகத் தோன்றும். நம் கணக்கில் வெள்ளி மறுநாள் அல்லவா? ஆனால் மகளின் கல்யாணத்துக்காகச் சனவரியில் கொலுசு வாங்கிய தந்தைக்கு அது வேடிக்கை அன்று.

இந்த நெடுங்கதையில் நான் காண்பது ஒன்று. பொத்தோசியில் வெள்ளியைத் தோண்டியவனும் அதன் விலையைச் சொல்லவில்லை. நாஞ்சில் நாட்டில் அதை அணிந்தவளும் சொல்லவில்லை. இருவருக்கும் இடையில் இருந்தவர்களே சொன்னார்கள். ஏழையின் சேமிப்பைத் தொடும் முடிவுகள் தொலைவில் எடுக்கப்படும்போது, அவற்றைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பவர் நம்மிடையே வேண்டும். பொருளாதாரம் பெரியவர்களின் பாடம் என்று நாம் ஒதுங்கினால், இழப்பு வீட்டுக்குள் வந்த பிறகே அது நமக்குத் தெரியவரும்.

ஆயினும் வெள்ளியின் வழி ஒருவழிப் பாதை அன்று. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் கைவினைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளியில் உருவம் சமைத்து, பொன் தகடு பொதிந்து, சிவந்த கெம்புக் கற்களைப் பதித்து அவர்கள் செய்யும் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் பரதநாட்டியம் ஆடுவோர் உள்ள இடமெல்லாம் செல்கின்றன. இந்நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அமெரிக்க நகரங்களில் அரங்கேறும் தமிழ்ப் பெண்களின் தலையிலும் இடையிலும் இவை ஒளிர்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குப் பொன்னும் கல்லும் தெரியும். உள்ளே இருந்து அவற்றைத் தாங்குவது வெள்ளி. அதற்கு வடசேரித் தட்டாரின் கை ஒரு விலை சேர்த்திருக்கிறது; அந்த விலையை எந்தச் சந்தையும் ஒரே நாளில் பாதியாக்க முடியாது.